அவுஸ்திரேலியா ஆட்டுக்குப் பங்கு

லண்டனில் கலை வளர்த்த தமிழர்கள் என்று ஆராவது மேடையில் பட்டியல் வாசித்தால் டொக்டர்மாரின் பெயர் வரும், கணக்காளர்மாரின் பெயர் வரும், குத்துவிளக்கு வாங்கித் தந்த நகைக்கடைக்காரரின் பெயர் இரண்டு தரம் வரும். என் பெயர் வராது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பரவாயில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள ஒருத்தராவது ஒரு அவுஸ்திரேலியப் பிள்ளையை ஐரோப்பா முழுக்க மேடையேற்றினாரா என்று கேட்டுப் பாருங்கள். நான் ஏற்றினேன். முதல் இரண்டு பேர் ஏறின பிறகு மற்றதுகள் தாமாகவே என் கடையைத் தேடி வந்தன. ஒபரா பாடுகிற பிள்ளை ஒன்று அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று பாடிப் பழகும். மூட்டை சத்தத்தைக் குடிக்குமாம், அயலட்டைக்குக் கேட்காதாம். அப்படி ஒரு மண்டபம் உங்கள் டொக்டர்மாரிடம் உண்டா?

நான் லண்டனுக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். வந்த அடுத்த கிழமையே பெற்றோல் ஸ்டேசனில் நின்றேன். ஒரு ஷிப்ட் செய்கிறவன் மனிசன், இரண்டு ஷிப்ட் செய்கிறவன் முதலாளி என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன். தொண்ணூறு பிறக்கிறபோது டூட்டிங்கில் என் பெயரில் ஒரு கடை. கீழே மரக்கறியும் மளிகையும். மேலே இரண்டு அறை. ஒன்றில் வெங்காய மூட்டை, மற்றதில் வாடகைக்கு ஆள்.

அந்த வாடகை அறைக்குத்தான் அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். ஒரு பெடியன், ஒரு பெண் பிள்ளை, இரண்டும் அவுஸ்திரேலியா. பெடியன் கதவு நிலையில் தலை முட்டுகிற உயரம். பிள்ளை ஒல்லி, ஆனால் வெங்காய மூட்டையை ஒற்றைக் கையால் நகர்த்தினாள், நான் பார்த்தேன். என்ன வேலை என்று கேட்டேன். பெர்ஃபோமர்ஸ் என்றார்கள். எந்தக் கொம்பனி என்று கேட்டேன். அதற்குப் பெடியன் பதில் சொல்லாமல் அடுக்கில் இருந்து மூன்று தேங்காயை எடுத்து மேலே எறியத் தொடங்கினான். மூன்றும் அவன் கைக்கும் கூரைக்கும் நடுவில் சுற்றுது. சாமான் வாங்க வந்த சனம் கருவேப்பிலையைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்து பார்க்குது. முடிந்ததும் மூன்றையும் குடுமி மேலே இருக்கத்தக்கதாக அடுக்கில் வைத்தான். ஒழுக்கமான பிள்ளை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அறைத் திறப்பைக் கொடுத்தேன்.

ஒரு சின்னப் பிசகு மட்டும் வந்தது. பெடியன் என்னை 'மேட்' என்று கூப்பிட்டான். கட்டட வேலையில் மேசனுக்குக் கல் எடுத்துக் கொடுக்கிறவனைத்தான் மேட் என்பார்கள் என்று எனக்குத் தெரியும். நான் முதலாளி, மேட் இல்லை என்று சொன்னேன். அவர்கள் நாட்டில் பிரதம மந்திரியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றான். பிரதம மந்திரியைக் கூப்பிடுகிற மாதிரி என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிள்ளை மட்டும் 'அங்கிள்' என்றாள். அவளுக்கு அறையில் வேலை செய்யாமல் கிடந்த ஹீற்றரைக் கெதியில் திருத்தித் தருவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர்கள் செய்கிற வேலைக்கு இங்கிலீசில் ஒரு நீளப் பெயர் இருக்கிறது. என் வாயில் நுழையாது. நான் ஆட்டம் என்பேன். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. பெடியன் பிள்ளையைத் தோளில் போடுவான், எறிவான், பிடிப்பான். பிள்ளை நீளமான வெள்ளைத் துணியைக் கூரையின் வளை மரத்தில் கட்டி, அதில் ஏறி, அதையே உடம்பில் சுற்றித் தொங்குவாள். பிறகு அந்தரத்தில் வைத்துச் சுற்றைக் கழற்றுவாள். மேலே பழகினால் கீழே கடையில் பருப்புப் போத்தல்கள் நடுங்கும். மேலே ஆர் அண்ணை என்று சனம் கேட்கும். கலைஞர்கள் என்பேன். என் மனைவி காசு மேசையில் இருந்தபடி, கலைஞர்களோ காட்டெருமையளோ என்பா.

பிள்ளையின் தகப்பன் அவுஸ்திரேலியாவில் பெரிய ஆட்டுப் பண்ணைக்காரர். கண்ணுக்கு எட்டின மட்டும் ஆடாம். மகள் லண்டனில் இரண்டு வருசம் நின்று பார்க்கலாம், அதற்குள் ஒன்றும் சரிவராவிட்டால் திரும்பி வந்து பண்ணையைப் பார்க்க வேணும் என்பது தகப்பனுக்கும் மகளுக்கும் பேச்சு. விசாவும் அந்த இரண்டு வருசத்துக்குத்தான். திரும்பிப் போகிற பிளேன் ரிக்கற் அறைக் கண்ணாடியின் மூலையில் செருகிக் கிடந்தது. ஒரு நாள் கடைக்கு வந்து நின்று, "ஆட்டம் இல்லையெண்டா ஆடுதான், அங்கிள்," என்று அவள் இங்கிலீசில் சொன்னதை நான் தமிழில் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன். அந்த வசனம் என் தலைக்குள் ஏறி இருந்துகொண்டது. பிறகு நடந்த எல்லாத்துக்கும் அதுதான் காரணம்.

ஐரோப்பா முழுக்கச் சுற்றுகிற ஒரு குழுவுக்கு ஆள் எடுக்கிறவர் ஒருத்தர் இருந்தார், பெல்ஜியக்காரர். அவர் இவர்களைப் பார்க்க ஸ்ட்ரெதத்தில் ஒரு மதுக்கடைக்கு மேலே இருந்த அறைக்கு வந்தார். பார்க்க வந்த சனம் ஐந்து பேர். அதில் ஒன்று நான், ஒன்று கதவடியில் ரிக்கற் கிழிக்கிறவர், ஒன்று நித்திரை. முடிந்த பிறகு பெல்ஜியக்காரர் சொன்னது எனக்குத் தெளிவாக விளங்கியது. இவர்களுக்கு ஏற வரும், இறங்க வரும், சனத்தைப் பிடித்து வைக்க வருமா என்று சனம் இல்லாமல் எப்படிப் பார்க்கிறது? மாசி முடிகிறபோது இன்னொரு தரம் லண்டன் வருவேன், அப்போது சனத்தைக் காட்டுங்கள் என்றார். பிள்ளையின் விசா பங்குனியோடு முடியுது.

நூறு பேர் வந்தால் போதும் என்றான் பெடியன். நான் இருநூறு என்றேன். வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். வாயில் வந்ததைச் செய்து காட்டாமல் விட்டது என் சரித்திரத்தில் இல்லை.

மனைவி அந்தக் கிழமை தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்கு பாரிஸ் போகிறா. பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னா:

"இஞ்சருங்கோ, எங்கட சனம் ஆட்டம் பார்க்க வராது. சொந்தப் பிள்ளையின்ர அரங்கேற்றத்திலயே சாப்பாடு எப்ப எண்டுதான் கேக்குங்கள்."

"நான் கூப்பிட்டால் வரும்," என்றேன்.

"கூப்பிடுங்கோ. ஆனால் நோட்டீஸ் மட்டும் நீங்கள் எழுதாதேங்கோ. நான் வந்து எழுதுறன்."

கடையில் வழக்கமாக எழுதுகிறவ அவதான். பத்தாம் வகுப்புப் பாஸ், கையெழுத்து முத்து மாதிரி. ஆனால் அவ வரும் வரைக்கும் காத்திருந்தால் சனத்துக்கு எப்போது தெரிகிறது? வாழைப்பழப் பெட்டியை வெட்டி இரண்டு அட்டை எடுத்து, தடித்த கறுப்புப் பேனையால் நானே எழுதினேன். ஒன்று கடைக் கண்ணாடியில், மற்றது ஆட்டத்துக்கு நான் வாடகைக்கு எடுத்த மண்டபம், சேர்ச் ஹோல், அதன் கதவில்.

நான் எழுத நினைத்தது இது: அவுஸ்திரேலிய ஆட்டத்துக்குப் பங்குபற்ற விரும்புவோர் பெயர் பதியவும். சனி பின்னேரம் நாலு மணி, சேர்ச் ஹோல். இலவசம். முந்துங்கள்.

நான் எழுதினது இது: அவுஸ்திரேலியா ஆட்டுக்கு பங்கு. பெயர் பதியவும். மிச்சம் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

'பற்ற விரும்புவோர்' அட்டையில் கொள்ளவில்லை. கொள்ளாததை விட்டுவிட்டேன். ஆட்டத்துக்கு என்பது எப்படி ஆட்டுக்கு ஆனது என்றால், அந்தப் பிள்ளை சொன்ன ஆடும் ஆட்டமும் தலைக்குள் ஒன்றாக நின்றது, கை ஒன்றை எழுதிவிட்டது. இதை நான் இப்போது சொல்கிறேன். எனக்கு விளங்கியது சனிக்கிழமை மூன்றரை மணிக்கு.

எங்கள் பக்கத்தில் ஆட்டுக்குப் பங்கு என்றால் என்ன என்று வேற ஊர் ஆட்களுக்குச் சொல்ல வேணும். நாலு வீடு சேர்ந்து ஒரு கிடாய் அடித்து, தொடையும் எலும்பும் ஈரலும் எல்லாருக்கும் சமமாய்க் குவியல் குவியலாகப் பிரிக்கிறது. ஒரு குவியல் ஒரு பங்கு. முன்கூட்டியே பெயர் கொடுக்க வேணும், பிந்தினால் கிடையாது. லண்டனுக்கு வந்த சனம் கடையில் பிளாஸ்ரிக் சுற்றின இறைச்சியைத் தின்று தின்று அந்தப் பங்குக்கு ஏங்கிக் கிடந்தது. அந்த நேரத்தில் நான் அவுஸ்திரேலியா ஆடு, அதுவும் இலவசம் என்று அட்டை தொங்க விட்டிருக்கிறேன்.

முதலில் வந்தவர் விதானையார். ஊரில் கிராம விதானையாக, அரசாங்கத்தின் ஊர்த் தலைவராக இருந்தவர், அதனால் ஸ்ட்ரெதத்தில் மகன் வீட்டில் இருந்தாலும் எல்லாருக்கும் விதானையார்தான். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி அட்டையை வாசித்தார். பிறகு உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையா அவுஸ்திரேலியாவோ?"

"அசல் அவுஸ்திரேலியா, விதானையார்."

"இளசோ?"

"ரெண்டும் இளசு."

"ரெண்டுதானோ? இவ்வளவு சனத்துக்கு ரெண்டு காணுமோ?"

"வந்து பாருங்கோ. ரெண்டே மிச்சம் எண்டுவியள்."

"கிடாயோ, மறியோ?"

ஆணோ பெண்ணோ என்று கேட்கிறார், அதை நான் பகிடி என்று எடுத்துக்கொண்டேன். பழைய ஆட்கள் அப்படித்தான் கதைப்பார்கள். "ஒண்டு கிடாய், ஒண்டு மறி," என்றேன்.

"எலும்பு எப்பிடி?"

"எலும்பு இருக்கோ எண்டதே எனக்குச் சந்தேகம்."

விதானையாரின் முகம் மலர்ந்தது. "இப்ப எங்க வைச்சிருக்கிறீர்?"

"மேலதான். குளிர் அறையில." ஹீற்றர் இன்னும் திருத்தவில்லை. அவரிடம் மறைக்க எனக்கு என்ன இருக்கிறது?

"எப்ப வந்தது?"

"போன வருசத்துக்கு முதல் வருசம், பங்குனியில."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு வருசமோ. பழுதாகேல்லையோ?"

"லண்டனுக்கு வந்தால் எல்லாம் கொஞ்சம் பழுதாகும்தானே. நான் கண் வைச்சுப் பாக்கிறன்."

"எனக்கு மூண்டு போடும். மகன் வீட்டுக்கும் சேத்து."

மூன்று பேர் இருக்க மூன்று கதிரை என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு பெயர் பதிகிற கொப்பியில் இடம் இல்லை. வாசலில் வரிசை நிற்குது. சவுத்தாலில் இருந்து ஒரு அம்மா போன் எடுத்து, தலை ஆருக்கு என்று முடிவாகிவிட்டதோ என்று கேட்டா. தலைமை தாங்குவது நான்தான், அதில் மாற்றம் இல்லை என்றேன். எப்பவும் முதலாளிமாருக்குத்தான் தலை என்று சலித்துக்கொண்டு போனை வைத்தா. எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வரத்தான் ஏன் வேணும்? இருபது வருசம் மற்றவர்கள் மேடையில் நின்று கத்தியும் வராத சனத்தை நான் ஒரு வாழைப்பழ அட்டையால் இழுக்கிறேன். கலை ஆர்வம் எங்கள் சனத்தின் இரத்தத்தில் இருக்குது, கூப்பிடத்தான் ஆள் இல்லை என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கே ஹோல் நிரம்பிவிட்டது. எல்லாருடைய கையிலும் ஏதோ ஒன்று. அலுமினியச் சட்டி, பிளாஸ்ரிக் வாளி, கடற்கரைக்குக் கொண்டு போகிற ஐஸ் பெட்டி, இரண்டு மூன்று ஷொப்பிங் பை ஒன்றுக்குள் ஒன்று. கோயிலுக்குப் போகிற மாதிரி பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் சனத்தின் பண்பாடு அப்படி. பெல்ஜியக்காரர் கழுத்தில் துணி சுற்றி வந்தார். முன்வரிசையில் ஒரு சட்டிக்கும் ஒரு ஐஸ் பெட்டிக்கும் நடுவில் அவரை இருத்தினேன். ஐஸ் பெட்டிக்காரர் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி இருந்தார்.

மூன்றரைக்கு மனைவி வந்தா, பிள்ளைப்பேறு பிந்தினதால் அன்றைக்குத்தான். பாரிசில் இருந்து வந்த பஸ்ஸில் விக்ரோறியாவில் இறங்கி, பெட்டியோடு நேரே ஹோலுக்கு. உள்ளே வரவில்லை. கதவில் தொங்கின அட்டைக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டா.

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான். எப்பிடி?"

"ஒருக்கா வாசியுங்கோ."

கம்பீரமாக வாசித்தேன். அவுஸ்திரேலிய ஆட்டத்துக்குப் பங்குபற்ற விரும்புவோர் என்று.

"நினைச்சதை வாசியாதேங்கோ. எழுதினதை வாசியுங்கோ."

எழுத்துக் கூட்டினேன். ஆ, ட், டு. அங்கே நின்றுவிட்டேன். திரும்பி ஹோலைப் பார்த்தேன். இருநூறு பேர், இருநூறு பாத்திரம். விதானையார் இரண்டாம் வரிசையில் மடியில் பேப்பரில் சுற்றின நீளச் சாமான் ஒன்றை வைத்துக்கொண்டு இருந்தார். ஊரில் பங்கு பிரிக்கிறதில் அவரைப் போல நீதியான கை கிடையாது என்பார்கள். ஸ்ட்ரெதத்தில் இருந்து பஸ்ஸில் கத்தியோடு வந்திருக்கிறார் மனிசன்.

திரைக்குப் பின்னால் போனேன். பிள்ளை துணி விலக்கில் ஒற்றைக் கண்ணை வைத்து ஹோலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இவ்வளவு பேரும் எங்களுக்காகவா அங்கிள் என்று கேட்டாள்.

ஓம் பிள்ளை, உங்களுக்காகத்தான் என்றேன். வேற என்ன சொல்ல? உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கால் வராது. சனத்துக்கு உண்மையைச் சொன்னால் ஹோல் ஐந்து நிமிசத்தில் காலி, பெல்ஜியக்காரருக்கு மறுபடியும் ஐந்து பேர், பிள்ளைக்கு ஆட்டுப் பண்ணை. சொல்லாவிட்டால் விதானையாரின் கத்திக்கு நான்தான். வேற ஆளாக இருந்தால் பின்கதவால் ஓடியிருப்பான். நான் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டு, வானை எடுத்துக்கொண்டு இறைச்சிக் கடைக்கு ஓடு, அங்கே தொங்குகிற ஆடு அத்தனையும் ஏற்று என்று அனுப்பினேன். எத்தனை ஆடு என்று என்னைக் கேட்காதீர்கள். பிறகு மேடையில் ஏறினேன்.

"பங்கு உண்டு," என்றேன். "ஒருத்தரையும் வெறுங்கையோட அனுப்பமாட்டன். ஆனால் முறை எண்டு ஒண்டு கிடக்கு. முதல் ஆட்டம். ஆட்டம் முடிஞ்சால்தான் ஆடு."

ஹோல் முணுமுணுத்தது. பின்வரிசையில் ஒரு குரல், நடனமும் போட்டுத்தான் வெட்டுறாங்களாம் அவுஸ்திரேலியாவில என்றது. பெல்ஜியக்காரர் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். இறங்கி வந்து அவருக்குப் பக்கத்தில் நின்று, மேடைக்கு ஆசி சொன்னேன் என்றேன்.

அப்படிச் சனம் பார்த்த ஒரு ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. ஒரு கண் இமைக்கவில்லை. பிள்ளை பின்திரைப் பக்கம் ஒரு அடி வைத்தால் இருநூறு பேரும் ஒன்றாக முன்னே சரிவார்கள். ஆடு அந்தத் திரைக்குப் பின்னால்தான் நிற்குது என்று ஆரோ சொல்லிவிட்டார்கள். அவள் திரும்பி வந்தால் இருநூறு பேரும் பின்னே சாய்வார்கள். பெல்ஜியக்காரர் மேடையைப் பார்க்கிறதை விட்டுவிட்டுச் சனத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பிறகு பெடியன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான், தலை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் தொங்க. முன்வரிசையில் ஒரு பெருமூச்சு. அவளை வெள்ளைத் துணியில் போட்டுச் சுற்றி வளையில் தூக்கினான். இப்போது ஒன்று சொல்ல வேணும். இறைச்சிக் கடைக்கு வருகிற ஆடும் இப்படித்தான் வெள்ளைத் துணி சுற்றித் தொங்கும். அதே நீளம், அதே தொங்கல். ஹோல் முழுக்க எழும்பியது. சட்டிகள் ஒன்றோடொன்று முட்டின. பின்வரிசை முன்னால் வந்து வரிசை கட்டியது, நான் கண்ட மிக ஒழுங்கான வரிசை.

விதானையார் மேடையில் ஏறினார். பேப்பரைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பெடியன் கத்தியைப் பார்த்தான். பார்த்தும் அசையவில்லை. அதுதான் கலைஞன். குனிந்து வணங்கி ஒதுங்கி வழி விட்டான். விதானையார் கத்தியை இடது கைக்கு மாற்றி, இளசோ முற்றலோ என்று பார்க்கப் பெருவிரலால் துணியை ஒரு அமத்து அமத்தினார்.

துணிக்குள் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. பிள்ளைக்கு விலாவில் கூச்சம்.

விதானையார் மெதுவாகச் சனத்தின் பக்கம் திரும்பினார். அந்தக் காலத்தில் பிறப்பு இறப்புப் பதிந்த குரலில் சொன்னார்:

"இது உயிரோட கிடக்கு."

ஹோல் சிரித்த சிரிப்பு இருக்கே, வாளிகள் கையில் இருந்து விழுந்து உருண்டன. ஐஸ் பெட்டிக்காரர் பெல்ஜியக்காரரின் தோளில் அடித்து அடித்துச் சிரிக்கிறார். பெல்ஜியக்காரருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. விதானையாருக்கு இறங்குவதா நிற்பதா என்று தெரியவில்லை. கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பரிசளிப்பு விழாவுக்கு வந்தவர் மாதிரி மேடையிலேயே நின்றார்.

துணிக்குள் இருந்து ஒரு கால் வந்தது. பிறகு கை. பிள்ளை முழுதாக வெளியே வந்து, அதே துணியைப் பிடித்து ஏறத் தொடங்கினாள். கடைக்கு மேலே பழகிய உயரம் அல்ல. சேர்ச் ஹோலின் கூரை வளை எங்கேயோ இருக்குது. ஏற ஏறச் சிரிப்புக் குறைந்தது. வளைக்குக் கீழே போய், இரண்டு கையையும் விட்டுவிட்டு, ஒற்றைக் காலில் சுற்றின துணியில் தலைகீழாக நின்றாள். விதானையார் கத்தியைக் கீழே வைத்தார். நேரே அவளுக்குக் கீழே போய், மாமரத்தில் இருந்து விழப்போகிற பிள்ளையைப் பிடிக்க நிற்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கக் கதவு திறந்தது. மனைவியின் தம்பி வந்து நின்று கத்தினான்.

"ஆடு வந்திட்டுது. பின்கதவுக்கு வாங்கோ. முந்தினவைக்குத் தொடை."

முடிந்தது என்று நினைத்தேன். இனி இருநூறு பேரும் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள், அவள் மேலே தனியாகத் தொங்குவாள், பெல்ஜியக்காரர் கழுத்துத் துணியைச் சரி பண்ணிக்கொண்டு எழும்புவார்.

நிமிர்த்தின தலையை விதானையார் இறக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"பொறும் தம்பி," என்றார். "பிள்ளை இறங்கட்டும்."

ஒருத்தரும் அசையவில்லை. வரிசையில் நின்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள், சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

பெல்ஜியக்காரர் என் பக்கம் சரிந்து, அந்த ஆள் என்ன சொன்னான், கிழவர் என்ன சொன்னார் என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்லக் களைத்துவிட்டது. எல்லாத்தையும் சொன்னேன். அட்டை, ஆடு, பங்கு. அப்படியென்றால் இவர்கள் வந்தது இறைச்சிக்கா என்றார். ஓம் என்றேன். இறைச்சி வந்துவிட்டதா என்றார். வந்துவிட்டது என்றேன். பிறகு ஏன் போகவில்லை என்று கேட்டார்.

நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் தன் பயணப் பெட்டிக்கு மேல் இருந்தவ இங்கிலீசில் சொன்னா, சாதாரணமாக, கடையில் பாக்கு இல்லை என்று சொல்கிற மாதிரி:

"அவள் இன்னும் மேலதானே நிக்கிறாள்."

பிள்ளை சுழன்று சுழன்று இறங்கி, விதானையாரின் இரண்டு கைக்கும் நடுவில் கால் வைக்கும் வரை பெல்ஜியக்காரர் பார்த்துக்கொண்டு இருந்தார். சனம் கை தட்டியது. கையில் பாத்திரம் இருந்தவர்கள் பாத்திரத்தில் தட்டினார்கள். அந்தச் சத்தம் டூட்டிங் ஸ்டேசன் வரைக்கும் கேட்டிருக்கும். கை தட்டு அடங்கினதும் பெல்ஜியக்காரர் மேடைக்குப் போய் இரண்டு பேருக்கும் கை கொடுத்தார். விசாவுக்கும் வேலைக்கும் வேண்டிய கடிதம் அடுத்த கிழமை என் கடை விலாசத்துக்குத்தான் வந்தது. கண்ணாடியின் மூலையில் கிடந்த ரிக்கற்றைப் பிள்ளை என் கண் முன்னால் எடுத்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். கிழிக்கவில்லை. பண்ணைக்காரரின் மகள், சாமானை வீணாக்க மாட்டாள்.

விதானையாரையும் குழுவுக்குக் கேட்டார் பெல்ஜியக்காரர். விதானை வேலை பார்த்தவன் கூத்தாடப் போவதோ என்று அவர் மறுத்துவிட்டார். ஆனால் அந்தக் காட்சியை அவர்கள் விடவில்லை. ஐரோப்பா முழுக்க ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கத்தியோடு மேடையேறித் துணியை அமத்தினாராம். அவருக்குப் பெருவிரலால் அமத்தத் தெரியவில்லை, கதவு மணி அடிக்கிற மாதிரிக் குத்துகிறார் என்று பிள்ளை கடிதம் போட்டாள். விதானையாருக்கு வாசித்துக் காட்டினேன். பழக்கம் வேணும் என்றார்.

அன்றைக்குப் பங்கு பிரித்ததும் அவர்தான். ஹோலின் பின்பக்கம் மேசை போட்டு, பேப்பர் விரித்து, குவியல் குவியலாக, ஒரு எலும்பு கூடக் குறையாமல். பாதியில் நிறுத்திவிட்டு, ஆடு சுற்றி வந்த வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்தார். அதில் நீலத்தில் எழுத்துக் குத்தியிருந்தது. கண்ணாடியைத் தூக்கி வாசித்தார்.

"தம்பி, இது நியூசிலாந்து."

அதைத்தான் சனம் இன்றைக்கும் சொல்லுது. அவ்வளவு பேருக்கும் ஆடு கொடுத்தவனைப் பற்றி ஒரு நல்ல சொல் இல்லை. அவுஸ்திரேலியா என்று சொல்லி நியூசிலாந்தைத் தந்தவன் என்று கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கதைக்குதுகள். நான் ஒரே பதில்தான் சொல்வேன். அவுஸ்திரேலியா மேலே தொங்கியது, கீழே கிடந்ததுதான் நியூசிலாந்து.

போகிறபோது பிள்ளை கடைக் கண்ணாடியில் இருந்த அட்டையைக் கேட்டாள். கொடுத்தேன். போகிற இடமெல்லாம் உடுப்பு மாற்றுகிற அறையின் கதவில் அதைத்தான் ஒட்டுவேன் என்றாள்.

தொண்ணூறுகள் முடிகிறபோது அவளுடைய குழு லண்டனுக்கே வந்தது, பெரிய மேடைக்கு. எனக்கும் மனைவிக்கும் முன்வரிசை. விதானையார் அப்போது இல்லை. அடுத்த நாள் காலை பிள்ளை கடைக்கு வந்தாள். இப்போது தனக்குக் கீழே பத்துப் பேர் ஆடுகிறார்கள் என்றாள். மூலையெல்லாம் மடங்கி, பல ஊர் ஒட்டுத்தாள் ஏறி இறங்கின அட்டையைக் காசு மேசையில் வைத்து, இதில் எழுதியிருப்பது என்ன அங்கிள், போகிற ஊரெல்லாம் ஆராவது எழுதிவிட்டுப் போகிறார்கள் என்று கேட்டாள்.

பார்த்தேன். என் எழுத்துக்குக் கீழே, விளிம்பு வரைக்கும், தமிழில் பெயர்கள். பாரிஸ், சூரிச், ஒஸ்லோ. மேடை கூட்டுகிறவர்கள், சமையலறையில் கோப்பை கழுவுகிறவர்கள், அந்தக் கதவைத் தாண்டிப் போன எங்கள் பெடியள். ஒரு பெயருக்குப் பக்கத்தில் ரெண்டு பங்கு. இன்னொன்றில் எலும்பு வேண்டாம். ஒன்றில் பெயர் கூட இல்லை, இன்னும் மிச்சம் இருக்கோ என்று மட்டும்.

மனைவி அட்டையை வாங்கிப் பார்த்தா. இப்பவாவது அந்த ஆட்டைத் திருத்துவம் என்று காதில் செருகியிருந்த பேனையை எடுத்தா. நான் விடவில்லை. இத்தனை பேர் பெயர் பதிந்த பிறகு எப்படி மாற்றுகிறது?